பத்துப் பேர் ஏறும் கப்பல்

ஹல்,
மார்ச் 20, 2023

அன்புள்ள லயனல்,

ஆறு வியாழக்கிழமை ஆயிற்று. ஒவ்வொரு வியாழனும் ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நம் கப்பல் ஆட்டத்தைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உன் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. பதினெட்டுச் செய்தி அனுப்பிய பிறகு ஒரே ஒரு வரி வந்தது: 'லண்டி தீவில் வேலைக்கு வந்துவிட்டேன். போன் சரிப்படாது. எழுதுவதானால் தபாலில் எழுது.' தபாலில்! கடைசியாக எப்போது தபால்தலை வாங்கினேன் என்றே நினைவில்லை. கவுன்ட்டரில் இருந்தவள், "தீவுக்கா? யாரும்மா அங்க, காதலனா?" என்றாள். "இல்ல, என் பீரங்கிக்காரன்" என்றேன். அவள் தபால்தலையை எடுத்து நீட்டினாள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்காகத்தான் நீ போய்விட்டாய் என்று தெரியும். ஐந்து மணி நேரம் தீவு தீவாக அலைந்து சேர்த்த புதையல் அத்தனையும் அடித்தளத்தில் இருந்தது. ஒரே மூடுபனி. பாறை தெரிந்ததும் "நங்கூரம்! லயனல், நங்கூரம்!" என்று கத்தினேன். நங்கூரத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நீதான். நீ அசையவில்லை. கப்பல் பிளந்தது. பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்த கும்பல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சூட்டில், கப்பலில் கூட இருந்த ஹெட்லியும் மோரக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: "லயனல், நீ கப்பல்ல இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

நான்கு வருடமாக வாராவாரம் ஒரே கப்பலில் ஓடியவனிடம் சொல்லுகிற பேச்சா அது? அதுவும் ஒரு விளையாட்டுக்காக. மன்னித்துவிடு.

உன் இடத்தில் ஹெட்லி தன் மச்சான் கிரெய்கை ஏற்றியிருக்கிறான். மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டே சிப்ஸ் தின்கிறான் அந்த மனுஷன். எதிரி சுடுகிறானா, கிரெய்க் மெல்லுகிறானா என்று எனக்குப் புரிவதில்லை.

பஸ் ஓட்டும்போதுகூட மனசு நிலைகொள்ளவில்லை. பெவர்லி ரோடு சிக்னலில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் இந்தக் கடிதத்தை நாலு தடவை மனசுக்குள் எழுதிவிட்டேன். பதில் போடு. திட்டியாவது போடு.

உன் கேப்டன்,
ஜனீன்


லண்டி தீவு,
ஏப்ரல் 4, 2023

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் கடிதம் ஹெலிகாப்டரில் வந்தது. புதையல்கூட அவ்வளவு பந்தாவாக வந்ததில்லை. இப்போது படகு விட ஆரம்பித்துவிட்டார்கள். இது படகில் வரும்.

பிட்ஃபோர்ட் டாக்சி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். போனில் முகவரி வாங்கி வண்டி அனுப்புகிற வேலைதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று நினைத்திருந்தேன். ஜனவரியில் ஒரு மணப்பெண்ணை வேறொரு தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டேன். முதலாளி, "லயனல், உனக்கு என்னதான்யா ஆச்சு?" என்றார். எனக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. இங்கே விருந்தினர் வந்தால் பெட்டி தூக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கடையில் டின் அடுக்குவது. வேலை முடிந்ததும் நடக்கிறேன். தீவு மூன்று மைல் நீளம். வடக்குக் கலங்கரை விளக்கம் வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். ஆடுகள் என்னைப் பார்த்து எழுந்து நிற்பதையே விட்டுவிட்டன.

நீ எழுதிய அந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இத்துடன் பதினோரு தாள் வைத்திருக்கிறேன். நான் வரைந்த கப்பல். நம் ஆட்டத்தில் இருக்கிற பெரிய கப்பலிலும் நான்கு பேருக்குமேல் ஏற முடியாது. நாலு பேர் என்றால் ஒவ்வொருவனும் எல்லா வேலையும் செய்தாகவேண்டும். ஒருவன் தடுமாறினால் கப்பல் போயிற்று. இது பத்துப் பேர் கப்பல். மூன்று தளம், நான்கு பாய்மரம், பக்கத்துக்குப் பன்னிரண்டு பீரங்கி. திரும்புவதற்குப் பாதிக் கடல் வேண்டும், ஆழமில்லாத துறைமுகத்துக்குள் வரவே வராது. அந்தக் குறைகளை நானே எழுதிவிட்டேன். யாரும் 'இது ரொம்பப் பலசாலி' என்று சொல்லக்கூடாது பார்.

ஏழாவது தாளில் விளக்குகள். சுக்கானுக்குப் பக்கத்தில் நான்கு கயிறு. கேப்டன் ஒரு கயிற்றை இழுத்தால் மூன்று தளத்திலும் ஒரே சமயத்தில் விளக்கு எரியும். சிவப்பு என்றால் நங்கூரம், பச்சை என்றால் பாய், மஞ்சள் என்றால் பீரங்கி, வெள்ளை என்றால் ஓட்டையை அடை. யாரும் கத்தவேண்டாம்.

இங்கே இணையம் என்பது மதுக்கடை மூலையில் காற்றடித்தால் வருகிற சமாச்சாரம். நீ இதை ஆட்டக்காரர்களின் ஃபோரத்தில் என் பெயரில் போடு. பிடித்தவர்கள் ஓட்டுப் போட்டால் கம்பெனி பார்க்கும். நீளமாக இருந்தால் கத்தரி. ஏழாவது தாளை மட்டும் தொடாதே.

அன்புடன்,
லயனல்


ஹல்,
ஏப்ரல் 21, 2023

அன்புள்ள லயனல்,

நீ பேசிவிட்டாய்! அது போதும். அந்த வாக்கியத்தைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசு, நான் எங்கும் போகவில்லை.

கப்பலைப் போட்டாயிற்று. டிப்போவில் டீ குடிக்கிற நேரத்தில், இரண்டே விரலால், நான்கு நாள் தட்டினேன். படங்களை ஹெட்லி தன் கறிக்கடைக் கல்லா மேசையில் பரப்பி போட்டோ எடுத்தான். முதல் படத்தைப் பார்த்ததும், "ஏய் ஜனீன், இது கப்பலா இல்ல உங்க டிப்போவா? எத்தனை மாடி!" என்றான். பிறகு ஒரு பன்றித் தொடையை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, பீரங்கித் தளத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். "பாவிப்பய, இத்தனையும் ஸ்கேல் வெச்சா வரைஞ்சான்?"

செவ்வாய்க்கிழமை போட்டேன். புதன் காலை அறுபது ஓட்டு. இன்று இரண்டாயிரத்து முந்நூறு. லயனல், இரண்டாயிரத்து முந்நூறு பேர்! பிரேசிலிலிருந்து ஒருவன், 'என் தெருப் பையன்கள் ஒன்பது பேர், நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கப்பல் ஏறுகிறோம், சீக்கிரம் கட்டுங்கள்' என்று எழுதியிருக்கிறான். ஆட்டத்தைச் செய்கிற கம்பெனியிலிருந்தும் யாரோ வந்து 'கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அங்கங்கே கொஞ்சம் கத்தரித்தேன். நீ எழுதியது பிரசங்கம் மாதிரி நீண்டு கிடந்தது.

நேற்று 5ஆம் நம்பரில் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டேன். ஓட்டு எத்தனை ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஏம்மா, கடலுக்கா ஓட்டிட்டுப் போற?" என்று கத்தினாள்.

ஜனீன்


லண்டி தீவு,
மே 3, 2023

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று இரண்டு தடவை வடக்கு முனைக்குப் போய் வந்தேன். இரண்டாயிரத்து முந்நூறு பேர்! டாக்சி ஆபீஸில் நான் உயிரோடிருக்கிறேன் என்று தெரிந்தவர்களே ஏழு பேர்தான்.

இங்கே பருவம் களைகட்டிவிட்டது. ஒவ்வொரு படகிலும் நூறு பேர் பைனாகுலரோடு வந்து இறங்குகிறார்கள். போன சனிக்கிழமை ஒரு பெண் அவசரமாக வந்து, "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றிருக்கிறாள். நான் பாதையைக் கேட்கிறாள் என்று நினைத்து, "இப்படியே நேராப் போங்க, மூணு மைல், நல்ல காத்து, அவசரப்படாம போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சமையல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு எழுதிக் காட்டினான். எல்லாம் இந்தக் காற்று செய்கிற வேலை.

ஓட்டுப் போட்டவர்கள் விளக்குகளைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அதை நீ எழுதவே இல்லை. பக்கத்தை அப்படியே அச்செடுத்து அனுப்ப முடியுமா? சீக்கிரம் அனுப்பு. இப்போதெல்லாம் படகு வரும் நாளில் ஒரு மணி நேரம் முன்னாலேயே துறைக்குப் போய் நிற்கிறேன். 'என்ன லயனல், யாரைக் கூப்பிட வந்திருக்கிறாய்' என்று கேட்கிறார்கள்.

லயனல்


ஹல்,
மே 20, 2023

அன்புள்ள லயனல்,

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கேட்ட அச்சுப் பிரதியை வைத்திருக்கிறேன். படிப்பதற்கு முன்னால் ஒன்று. ஏழாவது தாளை எடுத்துவிட்டேன். தொடாதே என்று நீ எழுதியிருந்தாய், தெரியும். ஆனால் ஹெட்லியும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அவன் சொன்னான், "விளக்கு எதுக்கு ஜனீன்? நமக்கு வாய் இருக்கு, அவனுக்குக் காது இருக்கு. நாலு கலர்ல லைட்டைப் போட்டா கிறிஸ்துமஸ் மரம்னு சிரிப்பானுங்க. ஒரு சிரிப்பு வந்தா மொத்தக் கப்பலும் போச்சு." எனக்கும் அது சரியென்று பட்டது. உன் கப்பல் ஜெயிக்கவேண்டும் என்றுதான் செய்தேன். செய்ததற்குப் பலன் பார்த்தாயா? ஆறாயிரத்துச் சொச்சம்.

கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கிற மேடு ஏதாவது பார்த்து ஏறி ஒரு போன் போடேன். உன் குரலைக் கேட்டு மூன்று மாதத்துக்குமேல் ஆகிறது. கிரெய்க் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஜனீன்


லண்டி தீவு,
மே 30, 2023

ஜனீன்,

ஞாயிறன்று மேட்டுக்கு ஏறினேன். சிக்னல் இருந்தது. போன் போடவில்லை. போட்டால் நீ பேசுவது எனக்குக் கேட்காது.

இடது காது நான்கு வருடமாகவே இப்படித்தான். ஹெட்செட்டில் சத்தத்தை முழுக்க வைத்து, வலது காதால் சமாளித்தேன். போன இலையுதிர்காலத்திலிருந்து அதுவும் இறங்கிவிட்டது. நீங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு வெறும் இரைச்சல். திரையில் யார் எங்கே ஓடுகிறீர்கள் என்று பார்த்து, இப்போது இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று ஊகித்துச் செய்வேன். பல நாள் சரியாக இருந்தது. அன்றைக்கு மூடுபனி. எதையும் பார்க்க முடியவில்லை.

உன் முதல் கடிதத்தில் ஒரு வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தாய். அந்த வாக்கியம் என் காதில் விழவே இல்லை, ஜனீன். கப்பல் உடைந்தது, எல்லோரும் ஏதோ சொன்னீர்கள், பிறகு எல்லோரும் சும்மா இருந்தீர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாய் என்பதை உன் மன்னிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் போனது உன் பேச்சுக்காக அல்ல. வேலையும் போய், வியாழக்கிழமையும் போனதால் போனேன். உங்களிடம் சொல்லியிருக்கலாம். என் முகத்தை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. உங்களுக்கு நான் ஒரு குரல். எனக்கு நீங்கள் மூன்று குரல். அதில் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

அந்த விளக்குகளைத் தவிர அந்தக் கப்பலில் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. மற்ற பத்துத் தாளும் அந்த ஒரு தாளுக்காக வரைந்தது. நீ அதை எடுத்துவிட்டு, நான் ஏற முடியாத கப்பலை என் பெயரில் ஆறாயிரம் பேருக்குக் காட்டியிருக்கிறாய்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

லயனல்


ஹல்,
ஜூன் 12, 2023

அன்புள்ள லயனல்,

உன் கடிதத்தைப் பஸ் கிளப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பிரித்தேன். கிளப்பவில்லை. மேற்பார்வையாளர் வந்து கண்ணாடியைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உன் தீவில் நீ நடக்கிறதாக எழுதியது இதுதான் போல.

அன்றே ஏழாவது தாளை முதல் பக்கமாகப் போட்டேன். மேலே இப்படி எழுதினேன்: 'கப்பலை வரைந்தவர் இந்த விளக்குகளை முக்கியம் என்று சொல்லியிருந்தார். நான்தான் அவரைக் கேட்காமல் வெட்டினேன். தப்பு என்னுடையது. ஜனீன் கார்ட்டன்.' உன் காதைப் பற்றி ஒரு எழுத்துகூடப் போடவில்லை. ஹெட்லியிடம் மட்டும் சொன்னேன். அவன் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "காது இருக்குன்னு சொன்னேனே ஜனீன். என் வாயால சொன்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஓட்டு இறங்குகிறது, போட்டவர்களே திரும்ப எடுக்கிறார்கள். ஆறாயிரத்து நானூறு, நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகிவிட்டது. ஹெட்லி சொன்ன அதே கிறிஸ்துமஸ் மரத்தை இருபது பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவன், 'கேட்காதவனுக்குக் கடலில் என்ன வேலை' என்று எழுதினான். அவனுக்கு நான் எழுதிய பதிலை நிர்வாகிகள் அழித்துவிட்டு, எனக்கு மூன்று நாள் தடை போட்டார்கள்.

நான்காம் நாள் திறந்தால் மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். ஸ்வான்சீயிலிருந்து ரியன் என்றொரு பெண். பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வருடமாக ஒற்றை ஆள் ஓடத்தில் தனியாகவே ஓடுகிறாளாம். எந்தக் கப்பலில் ஏறினாலும் 'மைக் இல்லையா, இறங்கு' என்கிறார்களாம். மற்ற இரண்டு பேருக்கும் அதே கதைதான். 'ஏழாவது தாளை வரைந்தது யார், அவரிடம் பேசவேண்டும்' என்று மூவரும் கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் உன் முகவரியைக் கொடுக்கமாட்டேன். இனிமேல் எதையும் உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். அவர்கள் எழுதியதை, அவர்கள் முகவரியோடு அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு வரி போதும், லயனல்.

ஜனீன்


ஹல்,
ஆகஸ்ட் 8, 2023

அன்புள்ள லயனல்,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் கடலில் விழுந்துவிட்டதோ என்று தீவு அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்தவள், "லயனலா? நல்லாத்தான் இருக்காரு, இப்பதான் கண்ணு முன்னால நடந்து போனாரு" என்றாள். சரி, நடக்கிறாய். அது தெரிந்தது.

கம்பெனி முடிவு சொல்லிவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள்: 'பத்துப் பேர் ஒரே கப்பலில் இருந்தால் ஆட்டத்தின் கடல் தாங்காது, மற்றக் கப்பல்கள் ஆளில்லாமல் போகும், இப்போதைக்கு நான்கு பேருக்கு மேற்பட்ட கப்பல் எதுவும் வராது. வரைந்தவருக்கு எங்கள் பாராட்டு.' ஃபோரத்தில் நாம் கப்பலைப் போட்டிருந்த பலகையை மூடிவிட்டார்கள். இனி யாரும் அதில் ஓட்டுப் போட முடியாது.

கிரெய்கை இறக்கிவிட்டோம். ஹெட்லிதான் சொன்னான், "மச்சான், நீ நல்லவன்தான், ஆனா அந்த இடம் வேற ஆளுக்கு." போன வியாழன் மூவரும் மைக்கை அணைத்துவிட்டு ஓடிப் பார்த்தோம். பதினோரு நிமிடத்தில் மூழ்கினோம். மறுபடி ஓடினோம். மோரக் நங்கூரத்தை ஏற்றவேண்டிய நேரத்தில் என்னைச் சுட்டுவிட்டாள். மூன்றாவது தடவை துறைமுகம் வரை வந்துவிட்டோம். நீ இதைத்தான் தனியாக எத்தனை மாதம் செய்தாய் என்று ஹெட்லி கேட்டான்.

உன் இடம் காலியாக இருக்கிறது. தட்டச்சு செய்தே பேசலாம். கையில் விளக்கைத் தூக்கிக் காட்டலாம். எப்படிச் சொல்கிறாயோ அப்படி. என்னை மன்னித்தாயா என்றாவது சொல்.

ஜனீன்


பிட்ஃபோர்ட்,
நவம்பர் 14, 2023

அன்புள்ள ஜனீன்,

தீவில் பருவம் முடிந்து அக்டோபர் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வேண்டுமென்றுதான் பதில் போடவில்லை. முதலில் கோபம். பிறகு வேறு வேலை வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ரியனுக்கும் மற்ற இருவருக்கும் ஜூன் மாதமே பதில் எழுதினேன். உனக்கு எழுதாமல் அவர்களுக்கு எழுதினேன் என்பது எனக்கே அப்போது உறுத்தியது. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் நால்வரும் கப்பல் ஏறினோம். ஆளுக்கொரு கேமரா வைத்துக்கொண்டு கையால் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த கைச்சொற்கள் ஒரு நாற்பது இருக்கும். ரியன் பொறுமையே இல்லாதவள். நான் தப்பாகக் காட்டினால் தலையிலடித்துக்கொண்டு, 'பாட்டிலைத் திறக்கச் சொல்கிறாயா, பாயைத் திறக்கச் சொல்கிறாயா?' என்று கேட்கிறாள். போன வாரம் ஒரு எதிரிக் கப்பலைப் பாறையில் மோதவிட்டோம். எங்கள் நாலு பேர் வீட்டிலும் சத்தமே இல்லை. ஆனால் நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் அது தெரிந்தது. தட்டியதும் கேட்கவில்லை, கடைசியில் சீட்டெழுதிக் கதவடியில் தள்ளினார்.

காதுக்குக் கருவி வாங்கிவிட்டேன். ரொட்டி வாங்கப் போனால் உதவுகிறது, பல குரல் சேர்ந்தால் உதவாது.

மன்னித்தாயா என்று கேட்டிருந்தாய். அந்த வாக்கியத்தை மன்னித்துவிட்டேன். கேட்காத வாக்கியத்தை மன்னிப்பதில் கஷ்டமில்லை. தாளை எடுத்தது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. அதைத் திரும்பப் போட்டு, என்னைப் பற்றி வாயைத் திறக்காமல் சண்டை போட்டுத் தடை வாங்கியவளும் நீதான். இரண்டும் எனக்குத் தெரியும்.

காலி இடத்தைப் பற்றி. நான் வரவில்லை, ஜனீன். உங்களோடு இருந்தால் எதையோ தவறவிடப் போகிறேன் என்ற பதற்றத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பழகிவிட்டது, போகாது. இங்கே எதையும் ஊகிக்கவேண்டியதில்லை. உன்னையும் கூப்பிடலாம் என்று ஒரு நாள் ரியனிடம் சொன்னேன். அவள் நாலு விரலைக் காட்டினாள். நாங்கள் நாலு பேர் ஆகிவிட்டோம். அதற்குமேல் ஏறாது.

ஹெட்லியிடம் நான் கேட்டதாகச் சொல். அவன் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டாம்.

அன்புடன்,
லயனல்


ஹல்,
டிசம்பர் 7, 2023

அன்புள்ள லயனல்,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் அழுதேன், இரண்டாவதில் சண்டை போட்டேன், மூன்றாவது ரொம்ப நல்லவள் எழுதியது போல இருந்தது. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. மோரக், "நாலு பேர் கப்பலை மூணு பேரா எத்தனை நாளைக்கு ஓட்டுறது?" என்கிறாள். ஹெட்லி பீரங்கிக்கும் நங்கூரத்துக்கும் ஓடி ஓடி மூச்சிரைக்கிறான். திரையில்தான் ஓடுகிறான், இருந்தாலும் இரைக்கிறது. அவனிடம் நீ கேட்டதாகச் சொன்னேன். மூக்கைச் சிந்திவிட்டு, "கறி அனுப்பினா தபால்ல கெட்டுப்போயிடுமா?" என்றான்.

நேற்று ஃபோரத்தில் புதுப் பலகை திறந்தேன். உன் பதினோரு தாளையும் மறுபடி போட்டேன். எதையும் வெட்டவில்லை. ஏழாவது தாள் தன் இடத்தில் இருக்கிறது. வரைந்தவர் என்று உன் பெயர், கேட்பவர் என்று என் பெயர். உன்னைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இது ஒன்றைச் செய்துவிட்டேன். வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, எடுத்துவிடுகிறேன்.

'போன ஆகஸ்டிலேயே முடியாது என்றார்களே, மறுபடி எதற்கு' என்று ஒருவன் உடனே கேட்டான். கேள்வி நியாயம்தான். டிப்போவில் டீ ஆறுகிற வரை, இங்கே மூன்று பேர், அங்கே நாலு பேர் என்று எண்ணிவிட்டு எழுதினேன்:

'நாங்கள் ஏழு பேர். இருக்கிற எந்தக் கப்பலிலும் சேர்ந்து ஏற முடியவில்லை.'

இதுவரை பதினான்கு ஓட்டு. அதில் இரண்டு ஹெட்லி போட்டது. ஒன்று ஸ்வான்சீயிலிருந்து வந்திருக்கிறது.

ஜனீன்